பூஜைக்குக் கழுவிய ஃபர்னஸ்

ஃபர்னஸுக்குள் தண்ணீர் அடித்துக் கழுவியவள் நான்தான். எதையும் மூடி மறைத்துப் பேசத் தெரியாதவள் என்று எஸ்டேட் முழுக்க எனக்குப் பேர். இதை மட்டும் மூடி மறைத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் யுவராணி. வீடு அண்ணனூரில். மின்சார ரயிலில் பட்டரவாக்கம் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் பத்து நிமிடம் நடந்தால் எங்கள் பட்டறை வந்துவிடும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் போகிற ஸ்பிரிங் பட்டைகள் எங்களிடம் வரும். அவற்றை ஃபர்னஸ் என்கிற உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுத்து, இரும்புக்கு விறைப்பு ஏற்றி அனுப்புவோம். பன்னிரண்டு வருடம் நான் அங்கே கூடையில் பட்டை அடுக்கினேன். போன ஜூலையில்தான் முதலாளி ரகுநாதன் சார் என்னைக் கூப்பிட்டு, "இனிமே ஷாப் இன்சார்ஜ் நீதான்மா" என்றார். எங்கள் பட்டறையில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நாற்காலி என்று பெரிதாகச் சொல்கிறேன், அது கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி. ஆனாலும் அதில் நான் உட்கார்ந்த அன்றைக்கு இரண்டு பேர் வேலையை விட்டே நின்றுவிட்டார்கள், பொம்பளையிடம் கை கட்டி நிற்க முடியாதாம். போகட்டும், சனியன் விட்டது என்று இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம் இருந்தது. ஒரே ஒரு தப்பு நடந்தால் போதும், அப்பவே சொன்னேனே என்று சொல்ல ஊரே காத்திருந்தது. அந்தப் பதவியை விடக் கூடாது என்பதில் எனக்கு ஒரு வெறியே இருந்தது. இதை ஒளிக்கவில்லை.

என்னை மனசாரப் பெரியவளாக நடத்தினவர் பச்சையப்பன் ஒருவர்தான். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடமாக ஃபர்னஸ் கதவுக்கு முன்னால் நிற்கிற ஆபரேட்டர். அவருக்குப் புருவத்தில் பாதி முடி கிடையாது, அனலில் கருகிப் போனது. அந்த நாற்காலி நியாயமாக அவருக்குப் போயிருக்க வேண்டும். கேட்டால், "நமக்கு எயுத்து வேலை வாணாம்மே, நெருப்பாண்ட நின்னாத்தான் தூக்கம் வருது" என்று சிரிப்பார்.

செப்டம்பர் கடைசியில் ஃபர்னஸின் உள்சுவர் உதிர ஆரம்பித்தது. புதுசாகப் போட ஆவடியிலிருந்து ஃபெலிக்ஸ் வந்தான். முப்பது வயது, ஃபர்னஸ் கொத்து வேலைக்காரன். வீட்டுக்குச் செங்கல் அடுக்குகிறவன் வேறு, இவன் வேறு. இவன் கொண்டுவருவது காஸ்டபிள் என்கிற மாவு. பார்க்கச் சிமெண்டு மாதிரி இருக்கும். தண்ணீர் விட்டுக் குழைத்துச் சுவராக வார்க்க வேண்டும். எண்ணூறு, ஆயிரம் டிகிரிக்கும் அசையாது. அதற்குப் பின்னால் நுரை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு லேசான செங்கல். அதற்கும் பின்னால் வெள்ளைப் பஞ்சு. அதற்கு வெளியேதான் நம் கண்ணுக்குத் தெரிகிற இரும்புத் தகடு.

ஃபெலிக்ஸோடு எனக்கு முதல் நாளே சண்டை. சுவரை முழுசாக வார்க்காமல் இரண்டு அடிக்கு ஒரு இடுக்கு விட்டுக்கொண்டே போனான்.

"இன்னாபா இது, பல்லு உயுந்த வாய் மாதிரி இடுக்கு உட்டுகினு போறே?" என்றேன்.

"அக்கா, சூடாச்சுன்னா இது நீளும். எடம் உடலன்னா ஒண்ண ஒண்ணு நெட்டித் தள்ளிகினு ஒடஞ்சுரும்."

"கல்லு நீளுமா? யாராண்ட காது குத்துறே?"

"ஒரு மீட்டருக்கு அஞ்சு மில்லி நீளும்க்கா. சூடு ஏறட்டும், இடுக்கு தானா மூடிக்கும்."

நான் நம்பவில்லை. வேலையில் சோம்பேறித்தனம் செய்துவிட்டுக் கதை விடுகிறான் என்றுதான் நினைத்தேன். சார்தான் வந்து, அவன் சொல்வது சரி என்று என்னை அடக்கினார்.

வார்த்து முடித்த பிறகு, சின்னத் தீ வைத்து, மணிக்கு இருபத்தைந்து டிகிரியாக ஏற்றி, இரண்டு நாள் காய வைத்தான். பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டான். உள்ளே அறுநூறு டிகிரி ஓடும்போது என்னைக் கூப்பிட்டு, "கைய வைச்சுப் பாருக்கா" என்று வெளித் தகட்டைக் காட்டினான். பயந்துகொண்டே வைத்தேன். காலையில் போட்ட தோசைக்கல்லை மத்தியானம் தொட்டமாதிரி லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"நடுவுல ஒரு அடி கூட இல்ல. உள்ளே அறுநூறு, வெளிய நாப்பது. இரும்பா இருந்தா இந்நேரம் உன் கை வெந்துருக்கும். இதுல சூட்டுக்கு நடக்கத் தெரியாதுக்கா, தவுந்துதான் வரணும்" என்றான். அந்தச் சுவரைத் தன் பிள்ளை மாதிரி தட்டிக் கொடுத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவன்மேல் ஒரு மரியாதையும் வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் தீயை அணைத்து, ஆற விட்டுவிட்டு அவன் கிளம்பினான். வேப்பம்பட்டில் அவன் கொழுந்தியாளுக்கு நிச்சயதார்த்தம். போகிறபோது கூரையைப் பார்த்தான். எங்கள் ஷெட்டின் ஷீட்டில் ஒரு ஓட்டை உண்டு. அக்டோபர் மாதம், வானம் இருட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, மழைத் தண்ணி மட்டும் இதும்மேல படாம பாத்துக்கோ" என்றான்.

பார்த்துக்கொண்டேனே! நானே ஏணி போட்டு ஏறி, தார்ப்பாய் விரித்து நாலு மூலையும் கட்டினேன். அன்று சாயங்காலம் பெய்த மழையில் ஒரு சொட்டு ஃபர்னஸ்மேல் விழவில்லை. மறுநாள் காலை அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையோடுதான் ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்தேன்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் எஸ்டேட்டில் விடியற்காலையே எல்லா மெஷினையும் கழுவி விடுவோம். லேத், பிரஸ், எண்ணெய்த் தொட்டி, எதையும் விடுவதில்லை. பழைய ஃபர்னஸ் உள்ளே கரி படிந்து கிடக்கும், அதற்குள் யாரும் கை வைத்ததில்லை, வெளித் தகட்டைத் துடைத்துச் சந்தனம் வைப்பதோடு சரி. இந்த வருடம் கதவைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. தரையிலும் சுவரிலும் தூசி, ஃபெலிக்ஸின் ஆட்கள் வைத்த செருப்புத் தடம், எண்ணெய்க் கை அச்சு. நான் இன்சார்ஜ் ஆகி வருகிற முதல் ஆயுத பூஜை. இப்படியே விட மனசு வருமா?

பேக்கிங்கில் இருக்கிற அகல்யாவைக் கூப்பிட்டேன். நெமிலிச்சேரியிலிருந்து வருகிற பெண், இருபத்திமூன்று வயது. அவள்தான் கேட்டாள், "அக்கா, உள்ள தண்ணி அடிக்கலாமா?" என்று.

"புது சிமெண்டு ஊட்டுக்குத் தெனம் தண்ணி ஊத்துறாங்களே, பாத்ததில்ல? தண்ணி குடிக்கக் குடிக்கத்தான் கெட்டியாவும்" என்றேன். மேஸ்திரி மாதிரி சொன்னேன். எனக்கு அப்படித்தான் தெரியும். அண்ணனூரில் எங்கள் வீட்டு மாடி போட்டபோது பதினைந்து நாள் காலையும் மாலையும் நான்தான் குடம் குடமாக ஊற்றினேன்.

சோப்புத் தூள் போட்டு, தேங்காய் நார் பிரஷால் தேய்த்து, ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவினோம். ஃபர்னஸின் உள்கூரைவரைக்கும் விடவில்லை. ஊற்றின தண்ணீரில் பாதிகூட வெளியே வரவில்லை. இடுக்கு வழியாக உள்ளே போய்விட்டது போல. துடைக்கிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

பூஜையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, ஃபர்னஸுக்குள்ளேயே மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்தேன். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். சார் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கோயில் கர்ப்பகிரகம் மாதிரி வெச்சிருக்கே!" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். நான் ஆகாயத்தில் இருந்தேன்.

விஜயதசமி கழிந்து மறுநாள் காலை ஆறரைக்குப் பச்சையப்பன் பர்னரைப் பற்ற வைத்தார். ஃபெலிக்ஸ் ஏற்கெனவே காய வைத்துவிட்டான், அதனால் இந்த முறை மெதுவாகப் போகத் தேவையில்லை; மூன்று நாலு மணி நேரத்தில் எண்ணூற்று ஐம்பதுக்குக் கொண்டு போகலாம் என்று அவனே சொல்லியிருந்தான். முதல் சூட்டுக்குத் தானும் கூட இருக்கிறேன் என்று பத்து மணிக்குள் வருவதாகச் சொல்லியிருந்தான். பட்டைகளுக்காக ஒரு கம்பெனி லாரி மத்தியானமே வந்து நிற்கப் போகிறது. சார் குளித்து விபூதி வைத்துக்கொண்டு எட்டு மணிக்கே வந்துவிட்டார்.

எட்டரைக்கு மீட்டரில் முன்னூற்றுத் தொண்ணூறு. எழுதிவிட்டு ஃபர்னஸைச் சுற்றி வந்தேன். பின்பக்கத்தில், அடித் தகட்டின் போல்ட் ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு தட்டளவு ஈரம். தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது, சோப்பு வாசனை அடித்தது. கதவு ஓரமாக வெள்ளையாக ஆவியும் வந்தது. பச்சையப்பன் பார்த்துவிட்டு, "மழைக் காலமில்ல, பனித் தண்ணியா இருக்கும்" என்றார். நெருப்பு எரிகிற இடத்தில் பனியாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. எட்டு நாற்பதுக்கு ஃபெலிக்ஸுக்கு ஃபோன் போட்டேன். சார் என் பக்கத்தில் வந்து நின்றார். அகல்யா இந்தப் பக்கம் கூடை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ட்ரெய்ன்ல கீறேன்க்கா, திருநின்றவூர் தாண்டிட்டேன். சொல்லு" என்றான். தகட்டுக்குக் கீழே தண்ணீர் சொட்டுகிறது, ஆவி வருகிறது என்றேன். அவன் குரல் மாறிவிட்டது.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. உள்ளே தண்ணி ஏதாச்சும் பட்டுதா? மழையோ, பைப்போ, ஏதாச்சும்?"

"ஏன்?"

"பட்டிருந்தா உடனே நிறுத்திட்டு எல்லாரும் வெளிய ஓடணும். மேலே நானூறு காட்டும், நாலு இன்ச்சு உள்ள இப்பத்தான் சூடு போய்கினு இருக்கும். அங்க இருக்கிற தண்ணி ஆவியாவும்போது வெளிய வர வழி இருக்காது. ஒரு டம்ளர் தண்ணி ஆவியாச்சுன்னா ஒரு பெரிய ஃப்ரிட்ஜு கொள்ளாதுக்கா. சொவரை ஒடச்சுகினுதான் வரும். குண்டு மாதிரி வெடிக்கும். பட்டுதா?"

சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா சொல்றான்?" என்றார்.

"இல்ல" என்றேன் ஃபோனில். "ஒரு சொட்டு படல. தார்ப்பாய் கட்டி வெச்சிருந்தேன்."

"அப்போ சரிக்கா. நான் காய வெச்சப்போ பஞ்சுல கொஞ்சம் நின்னுருக்கும், அதான் வருது. ஏத்திகினே போங்க, நான் வந்துடுறேன்."

ஃபோனை வைத்தேன். "ஒண்ணும் இல்ல சார், பழைய ஈரமாம்" என்றேன். சார் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார். ஷெட்டுக்கு வெளியே அது தனிக் கட்டடம், அந்தமட்டும் ஒருவர் குறைந்தார்.

அகல்யா கிட்டே வந்தாள். "அக்கா, நாம கழுவினோமே" என்றாள் மெல்ல.

"கம்முனு இரு. உன்னக் கேட்டாங்களா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போய்விட்டாள். போய்த் தொலை என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில் எனக்கு அவள்மேல்தான் கோபம், பாருங்கள். அவள் யாரிடமாவது சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம்.

மனசுக்குள் கணக்கு ஓடியது. அரை மணி நேரம் கழுவினோம், எவ்வளவு தண்ணீர் போயிருக்கும்? நடுவில் இரண்டு நாள் கிடந்ததே, காய்ந்திருக்காதா? ஃபெலிக்ஸ் எப்பவுமே எதையும் பெரிதாக்குகிறவன். வெடிக்காமலும் போகலாம். வெடிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொன்னாலோ, பூஜையன்று கர்ப்பகிரகம் என்று சொன்ன வாயால் இன்று என்னைக் கூடை அடுக்கப் போ என்று சார் சொல்வார். அந்த இரண்டு பேரும் திரும்ப வேலைக்கு வருவார்கள். இப்படியே ஓடியது. மீட்டரில் நானூற்று இருபது, நானூற்று நாற்பது என்று ஏறிக்கொண்டே இருந்தது.

பச்சையப்பன் கதவுக்கு முன்னால் தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டீ வந்திருந்தது. ஒரு வாய் குடிப்பார், எழுந்து கதவு ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பார், திரும்ப உட்காருவார். ஒரு தடவை என்னைப் பார்த்து, "இன்னாமே, பேயறஞ்ச மாதிரி கீறே? உன் புதுப் பொண்ணு சூப்பரா எரியுது!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இன்னொரு தடவை ஒன்றும் சொல்லாமலே சிரித்தார்.

அப்போது ஃபர்னஸுக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. நகம் கடிப்பது மாதிரி சின்னச் சத்தம். நான் திடுக்கிட்டு, எங்கே நிற்கிறேன் என்று அப்போதுதான் கவனித்தேன்.

மீட்டருக்கு முன்னால் நான் இல்லை. ஷெட்டின் நடுவில் இருக்கிற பெரிய கான்கிரீட் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மீட்டரைப் பார்க்கத் தலையை மட்டும் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எப்போது அங்கே போனேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வெடிக்காது வெடிக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கால் அது பாட்டுக்குப் போய் அங்கே ஒளிந்துகொண்டது. அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு மனுஷன் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ச்சீ என்று ஆகிவிட்டது.

ஓடினேன். பர்னர் வால்வைத் திருகி மூடினேன். "அண்ணாத்தே, எயுந்திரு! வெளிய ஓடு! உள்ள தண்ணி கீது, நான்தான் கழுவினேன், வெடிக்கப் போவுது!" என்று கத்தினேன். அவர் ஒன்றும் புரியாமல் டம்ளரோடு நின்றார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். லேத்தில் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள். எல்லோரும் கேட்டுக்கு வெளியே ரோட்டில் போய் நின்றோம். அகல்யா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். சார் ஆபீஸிலிருந்து ஓடிவந்து, "அணைச்சாச்சுல்ல? அப்புறம் என்ன?" என்று உள்ளே போகப் பார்த்தார். அவர் கையையும் பிடித்து நிறுத்தினேன். முதலாளி கையைப் பிடித்தது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

தீயை அணைத்தால் சூடு நின்றுவிடும் என்று சாரைப் போலத்தான் நானும் நினைத்திருந்தேன். நிற்கவில்லை. சுவர் குடித்துவைத்த சூடு உள்ளே தவழ்ந்துகொண்டேதான் இருந்தது. ஆறு நிமிடம் கழித்து வெடித்தது. இரண்டு சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. ஷெட் கூரையில் மூன்று ஷீட் பறந்தது. வெள்ளைத் தூசி ரோடு வரைக்கும் வந்தது. பக்கத்துப் பட்டறையிலிருந்து எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

தூசி அடங்கியபின் உள்ளே போய்ப் பார்த்தோம். கதவு கழன்று எண்ணெய்த் தொட்டி பக்கம் கிடந்தது. பச்சையப்பனின் ஸ்டூல் இருந்த இடத்தில், அம்மிக்கல் அளவுக்குக் காஸ்டபிள் துண்டுகள் ஏழெட்டு. ஸ்டூலைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் சாமி காப்பாற்றியது என்றார்கள். பச்சையப்பன் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார்.

ஃபெலிக்ஸ் பத்து மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டான். வந்ததும் ஒரு துண்டை எடுத்துச் சுத்தியலால் இரண்டாக உடைத்தான். ஒரு முகம் கை வைக்க முடியாத சூடு. உடைத்த இடத்தில், நடுவில், கருப்பாக ஈரம். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான். சோப்பு வாசனை அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"நான்தான் கழுவினேன் ஃபெலிக்ஸ்" என்றேன், சார் முன்னாலேயே. "பூஜைக்கு. தண்ணி நல்லதுன்னு நெனச்சேன்."

சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். திட்டப் போகிறார், நாற்காலி போச்சு என்றே நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "பூஜைக்குக் கழுவறது வழக்கம்தானே. நானும் பார்த்துட்டு நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்? தப்பு என் மேலயும் இருக்கு. கடைசி நேரத்துல உனக்கு ஞாபகம் வந்துச்சே, அதச் சொல்லு! வேற யாராவது இருந்தா வேலைக்குப் பயந்து வாயைத் திறந்திருக்க மாட்டான். ஒரு உசிரைக் காப்பாத்திட்டேம்மா. இன்சார்ஜ்னா இப்படி இருக்கணும்."

ஃபெலிக்ஸ் என்னையே பார்த்தான். ஃபோனில் அவன் கேட்டதும் நான் சொன்னதும் அவனுக்குத் தெரியும். நல்ல பையன். சார் காதில் விழுகிற மாதிரியே, "நான் கேட்டப்போ உனக்கு ஞாபகம் வரலியாக்கா?" என்றான். தப்பிக்க வழி காட்டுகிறான்.

"ஆமா" என்றேன். "மறந்துட்டேன்."

"நானும் மழைத் தண்ணின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாது. எந்தத் தண்ணியும் படக் கூடாதுன்னு எயுதி ஒட்டியிருக்கணும்" என்று பழியில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். போடட்டும் என்று விட்டுவிட்டேன். வேலை நிலைத்தது என்று ஒரு சந்தோஷம்கூட ஓரமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு உடைசலை அள்ள ஆரம்பித்தோம். வாசல் வரைக்கும் வரிசையாக நின்று, இரும்புச் சட்டியைக் கைக்குக் கை மாற்றி வெளியே கொட்ட வேண்டும். முன்னால் நின்று அள்ளிப் போட்டது பச்சையப்பன். அவர் நிரப்பிக் கொடுக்க, நான் வாங்கி அகல்யாவுக்குக் கொடுத்தேன். பத்துப் பதினைந்து சட்டி போயிருக்கும். அகல்யா தண்ணீர் குடிக்கப் போனாள். பச்சையப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஃபெலிக்ஸாண்ட ஃபோன்ல பேசினப்போ மணி இன்னா?" என்று கேட்டார். சண்டைக் குரல் இல்லை. மீட்டர் எவ்வளவு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"எட்டு நாப்பது."

"நீ வால்வை மூடினது?"

"எட்டு அம்பத்தொண்ணு."

"பதினோரு நிமிசம்" என்றார். "அகல்யா சொன்னா. ஃபோன் வெச்ச உடனே அவ உன்னாண்ட வந்து சொன்னாளாம், கழுவினோம்னு. நீ அவள அதட்டினியாம்."

எஸ்டேட்டில் யார் என்ன கேட்டாலும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள் நான். அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது இருப்பேன்.

"நான் ரெண்டு வாட்டி உன்னப் பாத்து சிரிச்சேன்" என்றார். "உன் மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சுது. அப்போ நீ எங்க நின்னுகினு இருந்தே? மீட்டராண்டதானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அதுதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நானும் கூடவே நின்றேன், வெடித்திருந்தால் எனக்கும்தான் பட்டிருக்கும், தெரியாமல்தான் நின்றோம் என்று அவர் நம்பப் பார்த்தார். காலையிலிருந்து இரண்டு பொய் சொல்லிவிட்டேன். மூன்றாவது வாய் நுனியில் வந்து நின்றது.

"இல்ல அண்ணாத்தே. தூணுக்குப் பின்னால."

அவர் திரும்பித் தூணைப் பார்த்தார். அதன் ஃபர்னஸைப் பார்த்த பக்கம் முழுக்கக் கல் பட்டுப் பெயர்ந்திருந்தது. அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்தபடி அப்படியே இருந்தது.

"அப்போ தெரிஞ்சுகினுதான் இருந்துகீறே" என்றார்.

"மன்னிச்சுடு அண்ணாத்தே" என்றேன். அழுகை வந்துவிட்டது. "நாளைக்கே சாராண்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

"சாராண்ட சொல்லு, சொல்லாம போ. அது உன் இஷ்டம். எங்க ஊட்ல மட்டும் சொல்லாதே. அவ பயந்துப்பா."

குனிந்து மறுபடியும் அள்ளினார். சட்டி நிறைந்தது. வாங்கிக்கொள்ள நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்து, "அகல்யா, வந்து வாங்கிக்கோம்மா" என்று கூப்பிட்டார்.